இடிந்தகரைச் சேறும் தென்துருவச் சேறும்: ஸ்க்ரீன் பிரிண்டிங் மெஷ்ல ஃபோராம் கழுவி எடுத்த அனுபவம்

பாளையங்கோட்டைல சின்னதா ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை வச்சிருக்கேன். கல்யாண பத்திரிகை, துணிப்பை, கட்சி ஸ்டிக்கர்னு ஓடுது. சேறு கழுவி ஓடு பொறுக்குற வேலைல இறங்குறதுக்கு காரணமே கடைல கெடக்குற மெஷ் துணிதான். கடலடிச் சேத்துல இருந்து நுண்ணுயிர் ஓடு பிரிக்க 63 மைக்ரான், 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) சல்லடை வேணும்னு அக்கா மக சொன்னா, அவ ஜியாலஜி படிக்கா, அந்த பித்தளைச் சல்லடை விலைய கேட்டுட்டு நான் கடைக்குள்ள திரும்பிப் பாத்தேன், எங்க தொழில் மெஷ் 43டி (ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை) கண்ணு ஏறக்குறைய 150 மைக்ரான், 100டி ஏறக்குறைய 60 மைக்ரான். அம்புட்டுதான், வேலை ஆரம்பிச்சாச்சு. இதே மாதிரி செய்யணும்னு நினைக்கிறவங்களுக்காக முழுசா எழுதுதேன், நீளமா இருக்கும், பொறுத்து வாசிங்க.

முதல்ல என்னத்த தேடுதோம்னு சொல்லிருதேன். ஃபோராமினிஃபெரா, சுருக்கமா ஃபோராம், ஒத்தை செல் உயிரி, சுண்ணாம்புல ஓடு கட்டும், ஒரு அறை கட்டும், வளந்ததும் அதைவிடப் பெருசா அடுத்த அறை, அதுக்கு மேல இன்னொண்ணுனு சுத்திக்கிட்டே போவும். பெரும்பாலான வகை கடல் தரைல வாழுது. உருவத்த வச்சு எண்ணுனா ஏறக்குறைய 50 வகை மட்டும் தண்ணில மிதந்தே வாழுது, அதுதான் மிதவை ஃபோராம், பிளாங்டன். செத்ததும் ஓடு தரைக்கு வந்து சேந்துரும், சேறா படிஞ்சு, கோடிக்கணக்கான வருசம் கழிச்சு பாறையா கிடைக்கும். மணல் பருமன்ல இருக்குறதால ஒரு கைப்பிடி சேத்துல ஆயிரக்கணக்குல கிடைக்குது, டைனோசர் எலும்புக்கு அலையுற மாதிரி அலைய வேண்டாம். பரிணாமம் நடந்ததை படிப்படியா கண்ணால பாக்கணும்னா இதைவிட நல்ல புதைபடிவம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சேறு கிடைக்கணும்லா. உவரி, கூத்தங்குழி கரை மணல அள்ளிட்டு வந்தா போதும்னு நிறைய பேர் நினைப்பாங்க, அதுல ஃபோராம் இருக்கு, ஆனா பெரும்பாலும் தரைவாழ் வகைதான், அம்மோனியா (வாயு இல்ல, ஒரு ஃபோராம் பேரு), எல்ஃபிடியம், குயின்குவேலோகுலினா இப்படி. மிதவை வகை கரைப்பக்கம் அபூர்வம், ஆழம் போகப் போக கூடும், கண்டத்திட்டு, அதாவது கரைய ஒட்டுன ஆழங்குறைஞ்ச கடல் தரை, அதோட விளிம்புக்கு வரும்போது பாதிக்கு மேல மிதவைதான் கிடக்கும், சரிவுல இறங்குனா பெரும்பாலும் அதுவேதான். இந்த விகிதத்த வச்சே ஒரு பழைய பாறை எவ்வளவு ஆழத்துல படிஞ்சதுனு கணிக்காங்க. அதனால ஆழத்துச் சேறு வேணும். இடிந்தகரைல தெரிஞ்ச அண்ணே ஒருத்தர் ஆழ்கடல் தூண்டிலுக்குப் போற போட்டுல இருக்காரு, அவர்ட்ட போயி கேட்டேன்.

"தம்பி, எல்லாரும் மீனு கேப்பாவ, நீ சேத்தக் கேக்க. எத்தன பாகத்துச் சேறு வேணும்?"

அந்த ஒரு கேள்விலயே எனக்கு நிம்மதியாயிட்டு. மீன்பிடிக்கிறவங்க ஆழத்த பாகத்துலதான் சொல்வாங்க, ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். எந்த இடத்துல சேறு, எங்க மணல், எங்க பாருனு (கடலடிப் பாறை) அவங்க மனசுக்குள்ள ஒரு மேப் இருக்கு, நூறு பாகத்துக்கு மேல போனா பச்சை கலந்த சாம்பல் சேறு வரும்னு அவரே சொன்னாரு. நங்கூரத்துலயும் குண்டுலயும் ஒட்டி வர்றத வழிச்சு மூடி போட்ட டப்பால போட்டு, பாகம் எத்தன, எந்த தெசை, என்ன மாசம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாரு. பத்து பாகத்துச் சேறு ஒண்ணு, நூறு தாண்டுன சேறு ஒண்ணு.

இப்ப சல்லடை. நாலு இஞ்ச் பிவிசி பைப்ப ஒரு சாண் உயரத்துக்கு அறுத்து, வாய்ல மெஷ்ஷ இழுத்துப் பிடிச்சு, மேல கப்ளர அடிச்சு இறக்குனா மெஷ் முரசு தோல் கணக்கா விறைப்பா நிக்கும், கம்மே வேண்டாம். கம் போட்டா ஓரத்துல இடுக்கு வரும், அந்த இடுக்குல ஓடு மாட்டிக்கிட்டு அடுத்த சாம்பிள்ல போயி கலந்துரும். 43டி மேல, 100டி கீழனு ரெண்ட அடுக்கி வச்சிக்கிடுங்க. ரெண்டும் எதுக்கு? வெப்பக்கடல் ஃபோராம் பொதுவா பெருசு, 150 மைக்ரான் சல்லடைலயே நின்னுரும். குளிர்க்கடல் ஆட்கள் சின்னது, 43டில மட்டும் அரிச்சா நல்ல பங்கு ஒழுகிப் போயிரும், அப்புறம் துருவத்துல ஒண்ணுமே இல்லனு தோணும். ஒப்பிடணும்னா ரெண்டு பக்கமும் ஒரே கண்ணு சல்லடை, கட்டாயம்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவுல சல்லடைய மெத்திலீன் புளூ கரைசல்ல முக்கி எடுங்க, மீன்தொட்டி கடைல சின்ன பாட்டில் கிடைக்கும். போன சாம்பிள் ஓடு ஏதாவது கண்ணுல சிக்கி இருந்தா அது நீலமாயிரும், அடுத்த சாம்பிள்ல நீல ஓடு தெரிஞ்சா அது வெளியூர்க்காரன்னு ஒதுக்கிரலாம். லேப்ல பண்ற பழைய வழிதான், ஆனா வீட்டுல பண்றவங்க பலபேரு இத விட்டுருதாங்க, விடவே கூடாது, வகைப்படுத்துற வேலைல ஒரு ஓடு மாறிப்போனாலும் கதையே மாறிரும்.

சேறு கரைக்கறது: முதல்ல வெயில்ல நல்லா காய வைக்கணும், நம்ம ஊரு வெயிலுக்கு ஓவன் எல்லாம் வேண்டாம். காஞ்ச கட்டிய சுடுதண்ணில போட்டு ஒரு கரண்டி வாஷிங் சோடா போட்டு ராத்திரி முழுக்க விட்டா களிமண் தானா பிரிஞ்சிரும். கையால பிசையாதீங்க. வினிகர், எலுமிச்சை, டாய்லட் கிளீனர் இப்படி புளிப்பு எதுவும் கிட்ட வரக்கூடாது, ஓடு சுண்ணாம்பு, கரைஞ்சு போயிரும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணியும் வேண்டாம், அது லேசா அமிலமா இருக்கும், ரொம்ப நேரம் கெடந்தா ஓட்டு மினுமினுப்பு போயிரும். போர் தண்ணி போதும், அதுலதான் ஏற்கனவே சுண்ணாம்பு கெடக்கே. அப்புறம் ஷவர மெதுவா வச்சு, கீழ தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அலசணும்.

நம்ம கடற்கரைப் பக்கத்துச் சேத்துல ஒரு தனி சிக்கல், கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்து கெடக்கும், செவப்பும் கருப்புமா, மைக்ராஸ்கோப்ல பாத்தா கண்ணக் கூசும். இதுக்கு மிதக்க விடறதுதான் வழி. காஞ்ச எச்சத்த உப்புத்தண்ணி மேல மெதுவா தூவுனா உள்ள காத்து இருக்குற ஓடு மிதக்கும், கனிம மணல் உடனே முங்கிரும், மிதக்குறத ஃபில்டர் பேப்பர்ல வடிச்சு எடுத்து நல்லதண்ணில ஒருக்கா அலசிரணும். ஆனா எண்ணிக்கைக்குப் போற சாம்பிள்ல இத பண்ணாதீங்க, தடிச்ச ஓடும் சேறு அடைச்ச ஓடும் முங்கிரும், விகிதம் கெட்டுப் போவும். அழகான ஓடா பொறுக்கி ஸ்லைடு செய்யறதுக்கு மட்டும்.

பொறுக்குற தட்டு நானே பிரிண்ட் பண்ணிக்கிட்டேன். கருப்பு அட்டை, அதுல வெள்ளை இங்க்ல 60 கட்டம், ஒவ்வொண்ணுக்கும் நம்பர், லேப்ல இருக்குற ஃபோராம் ஸ்லைடுலயும் 60 கட்டம்தான். மேல தடிச்ச அட்டைல ஜன்னல் வெட்டி ஒட்டி, கண்ணாடி ஸ்லைட மூடியா வச்சாச்சு. ஓடு ஒட்டுறதுக்கு வேலம்பிசின தண்ணியா கரைச்சு ஒரு சொட்டு போதும், காஞ்சதும் பிடிச்சிக்கிடும், திருப்பி வைக்கணும்னா ஈரம் பட்டா விட்டுரும். பூச்சி அரிக்காம இருக்க அதுல ஒரு கிராம்பு போட்டு வச்சிருக்கேன். பொறுக்க மூணு சைபர் (000) பிரஷ், நுனிய லேசா ஈரமாக்கித் தொட்டா ஓடு ஒட்டிக்கிட்டு வரும். ஃபேன ஆஃப் பண்ணிரணும், சித்திரை வைகாசில இந்த வேலைய ராத்திரிக்கு வச்சிக்கிடுங்க, வேற வழியில்ல. 20ல இருந்து 40 மடங்கு பெருசாக்குற ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், மேல இருந்து சாய்வா லைட், பின்னணி கருப்பு. கீழ இருந்து லைட் போடுற பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்ல வெறும் நிழல்தான் தெரியும்.

சரி, என்ன கிடைச்சது.

நூறு பாகத்துச் சேத்துல கண்ண வச்சதும் மொதல்ல தெரிஞ்சது குளோபிஜெரினாய்ட்ஸ் ரூபர். பனங்காய சீவுனா மூணு கண்ணு தெரியும்லா, அது கணக்கா கடைசிச் சுத்துல மூணு உருண்டை அறை, வாசல் பெருசா நடுவுல, முதுகுப்பக்கம் சின்னச் சின்ன கூடுதல் வாசல். வெப்பக்கடல் மேல்மட்டத்துல வெயில் படுற ஆழத்துல வாழ்றது, உள்ளுக்குள்ள பாசி மாதிரி ஒரு கூட்டாளிய வச்சிக்கிட்டு வெளிச்சத்துல பொழைக்குது. அதோட ட்ரைலோபேட்டஸ் சாக்குலிஃபர், இதோட சுவர்ல தேன்கூட்டு வலை 40 மடங்குலயே நல்லாத் தெரியும், சிலதுக்கு கடைசி அறை மட்டும் பை கணக்கா நீண்டு நிக்கும். அப்புறம் குளோபோரொட்டாலியா மெனார்டி, தட்டையா, ஓரத்துல கனத்த விளிம்பு கட்டி, நம்மாளுகள்ல பெரிய உடம்பு, ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் வளரும். ஓர்புலினா யூனிவெர்சா, முழு உருண்டை.

இந்த ரூபர்ல ரோஸ் கலர் ஒண்ணு உண்டு, அட்லாண்டிக்ல இன்னைக்கும் உயிரோட இருக்கு. நம்ம இந்தியப் பெருங்கடல்லயும் பசிபிக்லயும் அது ஏறக்குறைய 1,20,000 வருசம் முன்னாலயே மறைஞ்சு போச்சு, 1979ல இத கண்டுபிடிச்சு எழுதுனாங்க. அப்படின்னா நம்ம கடல்ல சேறு தோண்டும்போது ரோஸ் ரூபர் வந்தா அந்த அடுக்கு 1,20,000 வருசத்துக்கும் பழசுனு ஒரே பார்வைல சொல்லிரலாம். மெனார்டி கதை நேர் எதிர், இங்க எப்பவும் இருந்துக்கிட்டு இருக்கு, அட்லாண்டிக்ல பனியூழிக் காலத்துல காணாமப் போயி, வெப்பம் திரும்பும்போது திரும்ப வந்திருக்கு. ஒரு கடல்ல இல்லாமப் போனது இன்னொரு கடல்ல குடியிருக்குங்கறத கைல இருக்குற ஓட்ட வச்சு யோசிச்சுப் பாக்கும்போது எனக்கு உண்மைலயே சிலிர்ப்பா இருந்துச்சு. என் தட்டுல வெள்ளை மட்டும்தான் வந்துச்சு, அது மேல் சேறு, வரவேண்டியதே வெள்ளைதான்.

அடுத்தது துருவம். அக்கா மக டிபார்ட்மெண்ட்ல அண்டார்டிகாவச் சுத்தி இருக்குற தென்கடல் சேத்துல செஞ்ச பாடம் நடத்துற ஸ்லைடு இருக்கு, கேட்டு வாங்கி ஒரு லீவு நாள்ல கொண்டு வந்தா. அத வச்சதும் வித்தியாசம் உடனே தெரியுது. நம்ம சேத்துல இருபது வகைக்கு மேல பேர் தேட வேண்டியிருந்துச்சு, இந்த ஸ்லைடுல திரும்பத் திரும்ப ஒரே ஆளு, நியோகுளோபோகுவாட்ரினா பேக்கிடெர்மா. சின்னது, சதுரம் கணக்கா நாலு அறை, தடிச்ச பொரிஞ்ச சுவர். அண்டார்டிக்ல கடல் பனிக்கட்டிக்கு உள்ள இருக்குற உப்புத்தண்ணி ஓடைலகூட குளிர்காலத்த ஓட்டுற உயிரு அது.

அது பக்கத்துலயே தெரிஞ்ச கண்ணாடிக் குச்சியெல்லாம் டயட்டம்னு ஒத்தை செல் பாசி, சிலிக்கால ஓடு. ஃப்ராஜிலாரியாப்சிஸ் கெர்குலென்சிஸ்னு ஒண்ணு, ஓடு கனமா இருக்குறதால கரையாம அடிக்கு வந்து சேந்து, அண்டார்டிகாவச் சுத்தி சிலிக்காச் சேத்துப் பட்டையே உண்டாக்கியிருக்கு. இத நல்லாப் பாக்க 400 மடங்கு காம்பவுண்ட் மைக்ராஸ்கோப் வேணும். துருவச் சேறு கிடைக்காதவங்க ஆன்லைன்ல பூச்சிக்குப் போடுற டயட்டம் மண் பாக்கெட் வாங்கி ஒரு சிட்டிகைய தண்ணில கலந்து பாருங்க, அதுவும் புதைபடிவம்தான், சில பாக்கெட்ல பீப்பா சங்கிலி கணக்கா நன்னீர் வகை வரும், வட்டத் தட்டு வந்தா பெரும்பாலும் கடல் வகை. மாஸ்க் போட்டுக்கிட்டு திறங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வினிகர் ஒரு சொட்டு விட்டா ஃபோராம் பொங்கும், டயட்டம் அசையாது, எது சுண்ணாம்பு எது சிலிக்கானு பிரிக்க அது போதும், வேண்டாத ஓட்டுல மட்டும் விடுங்க.

ரேடியோலேரியானு மூணாவது கூட்டம், மிதந்து வாழ்ற ஒத்தை செல் உயிரி, அதுவும் சிலிக்கா, 50 கோடி வருசத்துக்கு மேல பழைய குடும்பம். சேலஞ்சர்ங்கற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1872ல இருந்து 1876 வரைக்கும் உலகம் சுத்தி அள்ளுன சேத்த வச்சு ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 1887ல வெளியிட்ட அறிக்கைல 3,500க்கு மேல புது வகை பேர் வச்சாரு. அம்புட்டையும் உருவத்த மட்டும் பாத்து. நம்ம சேத்துல இது ரொம்பக் கம்மி, அதனால அதிகம் சொல்லல.

இனிதான் நான் எழுத உக்காந்ததுக்கே காரணமான விசயம் வருது. உருவம் ஒண்ணா இருந்தா சொந்தம்னு நினைக்கக் கூடாது. இந்த வேலைல மூணு இடத்துல இது என் கண்ணு முன்னால நின்னுச்சு.

ஒண்ணு பேக்கிடெர்மா. ஓட்ட சுருள் தெரியுற முதுகுப்பக்கமா வச்சுப் பாத்தா அறை கடிகார முள் போற தெசைல சேந்துக்கிட்டே போனா வலதுசுத்து, எதிர் தெசைன்னா இடதுசுத்து. வயித்துப்பக்கமா வச்சுப் பாத்தா தலைகீழாத் தெரியும், அதனால எண்ணும்போது எல்லா ஓட்டையும் ஒரே பக்கமா ஒட்டிரணும், அதுக்குத்தான் பிசின். துருவத்துல இடதுசுத்து, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணில வலதுசுத்து, ஆக ஒரே உயிரு குளிருக்கு ஏத்தாப்ல தெசைய மாத்துதுனு ரொம்ப காலம் எழுதி வச்சிருந்தாங்க, சுத்து விகிதத்த வச்சு பழைய கடலோட வெப்பமே கணக்குப் போட்டாங்க. டிஎன்ஏ எடுத்துப் பாத்தப்ப ரெண்டும் வேற வேற இனம், வலதுசுத்துக்கு இன்காம்ப்டானு தனிப்பேர் 2006ல உறுதியாச்சு. ஒவ்வொரு இனத்துலயும் நூத்துல ரெண்டு மூணு மட்டும் எதிர்ப்பக்கம் சுத்தும், அது பிறவி. கணக்கு பெருசா மாறல, ஆனா காரணமே மாறிப்போச்சு, தண்ணி சூடு மாறும்போது ஒரு இனம் போயி இன்னொரு இனம் வருது, அம்புட்டுதான். நம்ம மெனார்டியப் பாருங்க, பெரும்பாலும் இடதுசுத்து, அது கொதிக்குற வெப்பக்கடல் ஆளு. இடதுன்னா குளிருனு பொதுவா சட்டம் போட முடியாது.

இதுல இன்னொரு சுவாரஸ்யம். ஆர்க்டிக் பேக்கிடெர்மாவும் அண்டார்டிக் பேக்கிடெர்மாவும் ஓட்ட வச்சுப் பிரிக்கவே முடியாது, ஆனா மரபணு தனித்தனி, நடுவுல வெப்பக்கடல் சுவரா நின்னு பிரிச்சிருச்சு. துருவத்துக்கு ஒரு படி வெளிய வாழ்ற புல்லாய்டஸ் (இவரு கதை அடுத்து வருது), இன்காம்ப்டா இவங்கள்ல வடக்குலயும் தெக்குலயும் ஒரே மரபணு வகை கிடைச்சிருக்கு. அப்ப அவங்களுக்கு வெப்பக்கடல் சுவரா இல்ல, கீழ இருக்குற குளிர்ந்த தண்ணி வழியா எப்படியோ கடந்திருக்கலாம்.

ரெண்டாவது அந்த புல்லாய்டஸ்தான். குளோபிஜெரினா புல்லாய்டஸ், 1826ல அல்சிட் தோர்பிக்னிங்கற பிரெஞ்சு ஆய்வாளர் பேர் வச்சது. அவரு இந்த ஃபோராம் எல்லாத்தையும் குட்டி நாட்டிலஸ்னு நினைச்சு கணவாய் குடும்பத்துல சேத்திருந்தாரு, அறை அறையா இருந்துச்சே, உருவத்த மட்டும் பாத்தா அப்படித்தான் தோணும், 1835ல துஜார்தான்ங்கற இன்னொரு பிரெஞ்சு ஆய்வாளர் அது உயிரோட இருக்குறதப் பாத்துட்டுத்தான் இது ஒத்தை செல்னு சொன்னாரு. புல்லாய்டஸ் புஸ்தகத்துல குளிர்க்கடல் வகை. ஆனா இடிந்தகரைச் சேத்துல வந்துச்சு, நாலு உருண்டை அறை, பெரிய ஒத்தை வாசல், முதுகுல கூடுதல் வாசல் இல்ல, சந்தேகமே இல்ல. அக்கா மகளக் கேட்டேன், "ஏளா, துருவத்துக்காரன் இங்க என்ன பண்ணுதான்?"

"மாமா, கச்சான் அடிக்கும்போது கடத்தண்ணி எப்படி இருக்கும்னு உங்க அண்ணேட்ட கேளுங்க."

கேட்டேன். ஆடில கச்சான் வீசும்போது தண்ணி சில்லுனு இருக்கும், கலங்கலா பச்சையா வரும், சாளை வரும்னு சொன்னாரு. அதான் விசயம். தென்மேற்குக் காத்து மேல்தண்ணியத் தள்ளிவிட, குமரிமுனைய ஒட்டுன கடல்ல அடில இருந்து குளிர்ந்த சத்துள்ள தண்ணி மேல வருது, புல்லாய்டஸ் அந்தச் சாப்பாட்டுக்கு பெருகுது. ஓமன் கரைல இது இன்னும் பெரிய அளவுல நடக்குது, அங்க சேத்து அடுக்குல புல்லாய்டஸ் எத்தன சதவீதம்னு எண்ணித்தான் ஆயிரக்கணக்கான வருசத்து பருவக்காத்து பலத்தையே கணிக்காங்க. வெப்பக்கடல்ல இருக்குற புல்லாய்டஸ் மரபணு வகை வேற, குளிர்க்கடல் வகை வேறனும் இப்ப தெரிஞ்சிருக்கு. ஆக ஓட்டப் பாத்து பேர் சொன்னா மட்டும் பத்தாது, எந்தத் தண்ணில, எந்தக் காத்துல வந்ததுனு தெரியணும். அண்ணே தாள்ல பாகமும் தெசையும் எழுதிக் குடுத்தது எவ்வளவு பெரிய உபகாரம்னு அப்பதான் எனக்கு ஒறைச்சது.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது, மெனார்டியோட ஓர விளிம்பு. அக்கா மக ஃபீல்டு ட்ரிப்ல பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கம் போயிருந்தப்ப கிடைச்ச களிமண்ணு கொஞ்சம் அவகிட்ட இருந்துச்சு. அது கிரிட்டேசியஸ் காலம், ஏறக்குறைய 10 கோடி வருசப் பழசு, அப்ப அங்க கடல். இந்தக் களி லேசுல கரையாது, காய வச்சு, சோடா தண்ணில ஊறப் போட்டு, ஃப்ரீசர்ல உறைய வச்சு, திரும்ப காய வச்சுனு பொறுமையா பண்ணணும், நடுவுல ஜிப்சம் துணுக்கு வேற மினுங்கும். கடைசில 100டி மெஷ்ல ஹெட்பெர்ஜெல்லா வந்துச்சு, சின்ன உருண்டை அறை சுத்து. பாத்த உடனே புல்லாய்டஸ் தம்பினு சொல்லத் தோணும். இல்ல. புல்லாய்டஸ் உயிரோட இருக்கும்போது உடம்பெல்லாம் முள்ளு, ஹெட்பெர்ஜெல்லாவுக்கு முள்ளே கிடையாது.

கிரிட்டேசியஸ் கடைசில குளோபோட்ரன்கானானு ஒரு கூட்டம், தட்டையா, ஓரத்துல விளிம்பு கட்டி, படத்துல பாத்தா மெனார்டிக்கு அண்ணன்னு சொல்லிருவோம். 6.6 கோடி வருசம் முன்னால விண்கல் விழுந்தப்ப அந்த விளிம்புக்காரங்க ஒருத்தர்கூட மிஞ்சல, மிதவை ஃபோராம் இனத்துல பெரும்பங்கு அழிஞ்சு, விரல் விட்டு எண்ணக்கூடிய சின்ன, எளிய உருவம் மட்டும் தப்பிச்சுச்சு. அதுல இருந்து திரும்ப எல்லாம் ஆரம்பம், அடுத்து வந்த பேலியோசீன் காலத்துல மோரோசோவெல்லானு விளிம்பு கட்டுன வகை வந்துச்சு, அதுக்கு அடுத்த இயோசீன் காலத்துல அதுவும் போச்சு. அதுக்கப்புறம் விளிம்பில்லாத வகைல இருந்து திரும்ப ஒருக்கா உண்டானதுதான் நம்ம குளோபோரொட்டாலியா கூட்டம். ஒரே உருவம் மூணு தடவை, மூணும் வேற வேற தாய் வயித்துல. பழைய வகைப்பாட்டுல விளிம்ப வச்சு எல்லாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தாங்க, இப்ப சுவரோட நுண்துளை, முள்ளு இருந்த தடம், எந்த அடுக்குல எது முன்னால வந்தது இத வச்சுத்தான் குடும்பம் பிரிக்காங்க. வீட்டு மைக்ராஸ்கோப்ல முள்ளுத் தடம் தெரியாது, ஆனா சாக்குலிஃபரோட தேன்கூட்டுச் சுவரையும் மெனார்டியோட வழவழ சுவரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே தட்டுல கெடந்தாலும் தூரத்துச் சொந்தம்னு சுவரே சொல்லும்.

படிப்படியா மாறுனதுக்கு அழகான சாட்சி ஓர்புலினா. சாக்குலிஃபரோட கூட்டத்துல ஒரு வகை, கடைசி அறை பெருசாகிப் பெருசாகி முந்தின அறைகள மூடிக்கிட்டே வந்து, நடுவுல ப்ரேஓர்புலினானு ஒரு நிலை, கடைசில முழு உருண்டை. மயோசீன் நடுவுல, ஏறக்குறைய 1.6 கோடில இருந்து 1.5 கோடி வருசம் முன்னாலக்குள்ள நடந்து முடிஞ்சது, ஒவ்வொரு படியும் அடுக்கு அடுக்கா கிடைக்குது. ஒரு உடைஞ்ச ஓர்புலினா கிடைச்சா தூக்கிப் போட்டுராதீங்க, சிலதுல உள்ள அந்தப் பழைய சின்னச் சுருள் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கும். என் தட்டுல அப்படி ஒண்ணு கிடைச்சுச்சு, தனி ஸ்லைடு போட்டு வச்சிருக்கேன், கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் காட்டுதேன்.

எண்ணிக்கை பண்றவங்களுக்கு: காஞ்ச எச்சத்த குவியலாக்கி நாலாப் பிரிச்சு எதிரெதிர் பங்க எடுத்து, திரும்ப பிரிச்சு, ஏறக்குறைய 300 ஓடு வர்ற அளவுக்குக் குறைச்சிக்கிட்டு, அதுல ஒண்ணுகூட விடாம எண்ணணும். அழகானத மட்டும் பொறுக்குனா அது எண்ணிக்கை இல்ல. வெப்பக்கடல்ல வகை கூடுதல், துருவத்துல குறைச்சல்ங்கறது பொதுவா சரிதான், ஆனா மிதவை ஃபோராம்ல உச்சம் நிலநடுக்கோட்டுல இல்ல, கொஞ்சம் தள்ளி 20, 30 டிகிரி பக்கம். நாம 8 டிகிரில இருக்கோம், ஆக நம்ம சேறுதான் உலகத்துலயே பணக்காரச் சேறுனு எழுதிராதீங்க.

இப்போதைக்கு என்கிட்ட இருக்குறது வாடை மாசத்துச் சேறு. அதே இடத்துல, அதே பாகத்துல ஆவணி முடிஞ்சு ஒரு டப்பா எடுத்துத் தர்றதா அண்ணே சொல்லியிருக்காரு. தரைச்சேறு பல வருசம் கலந்து கெடக்கும், அதனால மாச வித்தியாசம் தெளிவா வராது, அதுக்கு மேல்தண்ணில நுண்வலை இழுக்கணும், 100டி மெஷ்லயே ஒரு கூம்பு வலை தச்சிக்கிட்டு இருக்கேன், வாய்க்கு எவர்சில்வர் வளையம், வால்ல ஒரு பாட்டில். பெருமணல், கூட்டப்புளி, உவரி பக்கம் போட்டுல போறவங்க யாராவது சேறு எடுத்தா டப்பாக்கு வெளிய எழுதாதீங்க, உப்புத்தண்ணி பட்டு அழிஞ்சிரும், பென்சில்ல ஒரு துண்டுத் தாள்ல இடம், பாகம், மாசம், காத்து இந்த நாலையும் எழுதி பாலிதீன் கவர்ல போட்டு டப்பாக்கு உள்ள வச்சிருங்க.